மாத்திரை போதாதா, டாக்டர்?

மனநல மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பிரச்சினையைப் பற்றியவை: பணம் வைத்து ஆடும் ஆட்டம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. நல்ல வேலை. குடிப்பழக்கம் கிடையாது. மூன்று வருடமாக போனில் பணம் கட்டிச் சீட்டு ஆடுகிறார். என் நகைகள் போய்விட்டன. பையன் படிப்புக்குச் சேர்த்த பணமும் போய்விட்டது. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. போன மாதம் ஒருவழியாக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருநாள் குழு சிகிச்சைக்கும் வரச் சொன்னார். மாத்திரையைச் சாப்பிடுகிறார். குழுவுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறார். "பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து என் மானத்தை வாங்கிக்கொள்ளவா?" என்று கேட்கிறார். மாமியாரோ, "குடிகாரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையை என் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறார்கள்? மனசு வைத்தால் அவனே விட்டுவிடுவான்" என்கிறார். என் அண்ணன், கடனை எல்லாம் ஒரே தவணையில் அடைத்துவிடுகிறேன் என்று முன்வந்திருக்கிறார். மாத்திரை மட்டும் போதாதா, டாக்டர்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போதாது, சகோதரி. அதே சமயம், அவர் மாத்திரை சாப்பிடச் சம்மதித்ததைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த இடத்துக்கு வந்து சேரவே ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆம், இது குடிநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைதான். 1984இல் அபின் வகைப் போதைக்காகவும், 1994இல் மதுப் பழக்கத்துக்காகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சூதாட்டத்துக்கென்றே அங்கே அனுமதி பெற்ற மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. பிறகு ஏன் கொடுக்கிறோம்? மூளைக்கு எண்டார்ஃபின் என்று சொந்தமாகவே ஒரு சரக்கு உண்டு. அபினைப் போல வேலை செய்வது அது. ஆட்டத்தில் சீட்டு விழும் நொடியில் அது சுரந்து, "இன்னும், இன்னும்" என்று தூண்டும் டோப்பமைன் என்ற ரசாயனத்தைக் கிளப்பிவிடுகிறது. நால்ட்ரெக்ஸோன் அந்த எண்டார்ஃபின் போய் உட்கார வேண்டிய இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்கிறது. ஆட்டம் அதே ஆட்டம்தான். ஆனால் அதில் இருந்த ருசி மங்கிவிடுகிறது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மினசோட்டாவில் 77 பேரை வைத்து 18 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. 2008இல் வெளியானது. நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேரால் ஒரு மாதமாவது ஒரு பந்தயமும் கட்டாமல் இருக்க முடிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது நூற்றுக்குச் சுமார் 10 பேர்தான். வீட்டில் அப்பா, அண்ணன் என்று யாருக்காவது குடிநோய் இருந்தவர்களுக்கு இந்த மருந்து கூடுதலாகப் பலன் தருவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கணவர் குடிப்பதில்லை, சரி. அவர் வழியில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்ததா என்று மாமியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"மனசு வைத்தால் போதும்" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் சூதாட்ட வெறியை முதன்முதலாக நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, திருடத் தூண்டும் நோய், தீ வைக்கத் தூண்டும் நோய் இவற்றோடு சேர்த்து வைத்தது. 2013இல் அங்கிருந்து எடுத்து, மதுவும் போதைப்பொருளும் இருக்கிற அத்தியாயத்தில் சேர்த்தது. மூளையில் நடப்பது இரண்டிலும் அவ்வளவு ஒத்துப்போகிறது. உங்கள் கணவர் மனசு வைக்காமல் இல்லை. எத்தனையோ இரவுகள் வைத்திருப்பார். மறுநாள் காலை அந்த மனசு அவர் கையில் இருந்திருக்காது.

இனி உங்கள் கேள்வி. மருத்துவராக வேலையைத் தொடங்கிய காலத்தில் நானும் மாத்திரை மட்டுமே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்த ஒருவரை மறக்க முடியாது. (அவருடைய அனுமதியோடு, விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.) ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மருந்து எடுத்தார். காலி அட்டைகளை எல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். ஆசை எவ்வளவு என்று கேட்டால், பத்துக்கு இரண்டு என்பார். ஏழாவது மாதம் அவர் மனைவி தனியாக வந்தார். முன்பைவிட இரண்டு மடங்கு கடன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை வரவழைத்துக் கேட்டேன். "ஆசைக்காக ஆடலை டாக்டர். கடனை அடைக்கத்தான் ஆடினேன்" என்றார். பழைய கடன் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அது கழுத்தை நெரித்தது. ஒரே ஒரு முறை ஜெயித்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். விட்டதைப் பிடிக்கப் போவது என்று சொல்வார்களே, இந்த நோயின் மைய அறிகுறிகளில் அது ஒன்று. அந்தக் கணக்கை மாற்ற எந்த மாத்திரையாலும் முடியாது. மறைத்த கடனை வாய்விட்டுச் சொல்ல வைக்கவும் முடியாது. நான் அவரிடம் ஆசையைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பணத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது என் தவறு. அடுத்த மாதமே குழுவைத் தொடங்கினேன்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. குழுவுக்கு மட்டும் வந்து, மாத்திரை வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார் இன்னொருவர். வருவார், உட்காருவார், கால் ஆடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஐந்தாவது வாரம் மருந்து எடுக்கச் சம்மதித்தார். எட்டாவது வாரம், "மூன்று வாரத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னீர்களே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பேச ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அவர் உண்மையில் குழுவுக்குள் வந்தார். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன், சகோதரி. மாத்திரை தலைக்குள் இருக்கும் இரைச்சலைக் குறைக்கிறது. அந்த அமைதியில் அவர் காதில் விழ வேண்டிய பேச்சு குழுவில்தான் இருக்கிறது. மருந்தையும் குழுவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. நான் சொல்வதில் பெரும்பகுதி என் அறையில் கண்டது.

குழு என்றால் மானத்தை வாங்குகிற இடம் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டுங்கள். என் குழுவில் எட்டுப் பேர். வாரம் ஒருநாள், ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். நடுவில் மேசை கிடையாது. போனை வாசலிலேயே ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒவ்வொருவரும் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: கடைசியாக ஆடி எத்தனை நாள், இந்த வாரம் ஆசை அதிகபட்சம் பத்துக்கு எத்தனை வரை போனது, எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போனது, பண விஷயத்தில் யாரிடமாவது பொய் சொன்னேனா. நான்காவதைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கும். அங்கே யாரும் தலையைக் குனிய வைப்பதில்லை. எதிரில் இருக்கிறவர் போன வாரம்தான் அதே பொய்யைச் சொல்லியிருப்பார். வீட்டில் நீங்கள் கேட்டால் அது விசாரணை. அவர் கேட்டால் அது விசாரிப்பு.

மூன்றாவது வாரம் ஒரு நாணயத்தை எடுத்துப் போவேன். சுண்டுவேன். தலை, தலை, தலை, தலை. "அடுத்தது பூ!" என்று பாதிப்பேர் கத்துவார்கள். பிறகு ஒருவர் சொல்வார்: "நாணயத்துக்கு முன்னால் விழுந்தது ஞாபகம் இருக்காதே." இதைப் புத்தகத்தில் படித்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் தான் கத்தியதைத் தானே கேட்டபிறகுதான் அது உள்ளே இறங்குகிறது. இன்னொரு வாரம், மயிரிழையில் தவறிப்போன ஆட்டங்களைப் பற்றிப் பேசுவோம். மயிரிழையில் தோற்றாலும் மூளை ஜெயித்ததுபோலவே பாதி குதிக்கிறது. ஸ்கேன் ஆய்வுகளில் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் தோற்றவருக்கு எழுந்துபோக மனம் வருவதில்லை. ஆசை வரும் நேரம், இடம், கையில் இருந்த பணம், அப்போதைய மனநிலை எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். நான்கு வாரம் எழுதினால், தன் நோய் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அண்ணனிடம் அன்பாகச் சொல்லுங்கள்: கடனை மொத்தமாக அடைக்க வேண்டாம். அடைத்துவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே போய்விடும். மனசு லேசாகும், மறுபடி ஆடக் கை வரும். முதலில் முழுப் பட்டியல் எழுதட்டும், அதைக் குழுவில் வாசிக்கட்டும். பிறகு சம்பளத்திலிருந்து மாதாமாதம் அடைக்கட்டும். சம்பளக் கணக்கு உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அண்ணன் உதவ நினைத்தால் பையனின் படிப்புச் செலவை நேராகப் பள்ளியில் கட்டட்டும்.

மாத்திரை பற்றி இன்னும் சில. தொடங்கும் முன் ஈரல் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். முதல் வாரம் குமட்டலும் தலைவலியும் வரலாம். சாப்பிட்டபின் போட்டால் குறையும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எதையும் இதோடு எடுக்கவே கூடாது. அறுவை சிகிச்சையோ பல் சிகிச்சையோ வந்தால், இந்த மாத்திரை எடுப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது பழக்கமாகிவிடும் மருந்து இல்லை.

கடைசியாக ஒன்று. கடன் வெளியே தெரியவரும் நாட்கள்தான் இந்த நோயில் ஆபத்தானவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் வருகிறது. "அப்படி ஏதாவது தோன்றுகிறதா?" என்று அவரிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. நான்கு மாதமாகக் குழுவுக்குப் போகிறேன், மாத்திரையும் எடுத்தேன். 110 நாள் ஆடவே இல்லை. இனி மருந்து எதற்கு என்று நானே நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு இரவு ஆப்பை மறுபடி இறக்கி, விடியும்வரை ஆடிவிட்டேன். இரண்டு வாரமாகக் குழுவுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமா?
— ஒரு வாசகர்

பதில்: தம்பி, இந்த வாரமே போங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். நீங்கள் வராத இரண்டு வாரமும் உங்கள் நாற்காலியைப் பார்த்து, அங்கே இருக்கிற எல்லோருக்கும் காரணம் புரிந்திருக்கும். அவர்களில் பலர் அதே காரணத்துக்காக ஒருகாலத்தில் வராமல் இருந்தவர்கள்தான்.

நாள் கணக்கை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக வைக்கும். என் குழுவில் இரண்டு எண்களையும் எழுதுவோம்: கடைசியாக ஆடி எத்தனை நாள், குழுவில் சேர்ந்ததிலிருந்து ஆடாத நாள் மொத்தம் எத்தனை. முதல் எண் சின்னதாகிவிட்டது. இரண்டாவது எண்ணில் அந்த 110 நாள் அப்படியே இருக்கிறது. நீங்கள் வாழ்ந்த நாட்கள் அவை.

மாத்திரையை நிறுத்தியதால் உடம்பில் நடுக்கம் வராது, தூக்கம் கெடாது. அதனால்தான் நிறுத்தியதே தெரியாமல் போய்விடுகிறது. ஆசை மட்டும் சத்தமில்லாமல் திரும்பும். முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் நான்கு, மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி ஒன்பது. என் வழக்கம், குறைந்தது ஆறு மாதம் மருந்தைக் கொடுப்பது. அதற்குப் பிறகும், நிறுத்தும் தேதியைக் குழுவில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதற்கடுத்த ஆறு வாரமாவது குழுவை விடக் கூடாது. சம்பளம் வரும் வாரம், வேலை மாறும் மாதம், வீட்டில் சண்டை நடக்கிற நேரம் இவை எல்லாம் மருந்தை நிறுத்தும் நேரம் இல்லை.

குழுவில் "சறுக்கிவிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். அன்று சாயங்காலத்திலிருந்து சொல்லுங்கள். யாரோடு இருந்தீர்கள், குடித்திருந்தீர்களா, கையில் எவ்வளவு இருந்தது, ஆப்பை இறக்கும் முன் மனசுக்குள் என்ன சமாதானம் சொல்லிக்கொண்டீர்கள். அந்தச் சமாதானத்தை வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். குழுவில் குறைந்தது மூன்று பேர் தலையாட்டுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆசையின் உச்சம் அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கிவிடும். அந்த அரை மணியில் யாருக்குப் போன் செய்வது என்று இரண்டு பேரிடம் கேட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். போகிற வழியிலேயே ஆப்பை நீக்குங்கள். அந்தத் தளத்தில் உங்களை நீங்களே தடை செய்துகொள்ளும் வசதி இருந்தால், நீண்ட காலத் தடையாகப் போடுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. வாழ்நாள் முழுவதும் ஒரு பைசாவைக்கூட வீணாகச் செலவழிக்காதவர். நடுக்குவாத நோய்க்காக மருந்து சாப்பிடுகிறார். எட்டு மாதத்துக்கு முன் பிராமிபெக்ஸோல் என்ற மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார்கள். இப்போது ராப்பகலாக லாட்டரி, பந்தயம் என்று ஓய்வுப் பணத்தைக் கரைக்கிறார். இவரையும் குழுவில் சேர்க்கலாமா?
— கவலையோடு ஒரு மகள்

பதில்: அம்மா, உங்கள் அப்பாவை முதலில் குழுவுக்கு அல்ல, அந்த மாத்திரையை எழுதிய நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் இரண்டும் மூளையில் டோப்பமைனைப் போலவே வேலை செய்பவை. நடுக்கம் குறையும். ஆனால் சிலருக்குச் சூதாட்டம், அடங்காத சாமான் வாங்கல், அளவுமீறிய பாலியல் ஆசை என்று பக்கவிளைவு வரும். சாப்பிடத் தொடங்கிச் சில மாதம் கழித்து வருவதால் யாருக்கும் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை. காலை அசைக்காமல் இருக்க முடியாத நோய்க்கும் இதே மாத்திரைகளைக் கொடுப்பார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் அரிபிபிரசோலும் இப்படிச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு எல்லாம் வரலாம். நடுக்குவாதமும் மோசமாகும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றுவார். பலருக்கு மருந்து குறையும்போதே அந்த வெறியும் வடிந்துவிடுகிறது. அதுவரை வங்கிக் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் இது மாத்திரை செய்த வேலை என்று சொல்லிவிடுங்கள். 67 வயதில், தான் யாரென்றே தெரியாமல் போய்விட்டதாக அவர் மனதுக்குள் அழுதுகொண்டிருப்பார்.

கேள்வி: ஆடுவது என் கணவர் இல்லை, நான். வயது 45. எனக்குச் சொன்ன குழுவில் எல்லோரும் ஆண்கள். எப்படிப் போய் உட்காருவது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, இதை எழுதி அனுப்பியதற்கு நன்றி. பெண்கள் மட்டும் இருக்கும் குழு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால், இன்னொரு பெண்ணாவது சேரும்வரை தனியாக வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள் பலர் ஜெயிக்கும் வெறியில் ஆடுவதைவிட, மனச்சோர்வையும் தனிமையையும் மறக்க ஆடுகிறார்கள். அப்படியானால் நால்ட்ரெக்ஸோனைவிட மனச்சோர்வுக்கான சிகிச்சைதான் உங்களுக்கு முதலில் தேவைப்படலாம். தூக்கம், பசி, அழுகை பற்றி மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆண்கள் குழுவுக்கே போக நேர்ந்தாலும் பயப்படாதீர்கள். முதல் நாள் எதுவும் பேச வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "இன்னைக்குக் கேட்கிறேன்" என்றால் போதும். அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.